அழிறப்பர் தேய்த்த இடம்

அண்ணை,

இன்று உங்கள் அந்தியேட்டி. நீங்கள் போய் முப்பத்தொரு நாள் ஓடிவிட்டது. சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு உங்கள் மகன் உங்கள் பழைய நீலப் பையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தான். "மாமி, அப்பான்ர ஃபுட்போல் சாமான். அம்மா எறியச் சொல்லுறா. நீங்கள் ஒருக்காப் பாருங்கோ" என்றான். சிப்பை இழுத்ததும் மூட்டுத் தைலம் மணத்தது. இத்தனை வருடமாகியும் அந்த மணம் போகவில்லை. நான் அழப்போகிறேன் என்று நினைத்து அவன் கடதாசிக் கைக்குட்டையோடு பக்கத்தில் நின்றான். எனக்கு வந்தது எரிச்சல். கல்யாணத்துக்கு முன்பு ஓஸ்டர்முண்டிகன் ஊரில் நாங்கள் இருவரும் இருந்த அந்த மூன்றாம் மாடி வீட்டில், ஞாயிறு ஞாயிறாக நான் சமைக்கிற குசினியை நாறடித்தது இந்தத் தைலம்தான்.

பைக்குள் ஒரு விசில், ஒற்றைக் காலுறை, நாலாக மடித்த சதுரக்கோட்டுத் தாள் ஒன்று. தாளில் உங்கள் பென்சில் எழுத்து. கோல் காவலனிலிருந்து முன்வரிசை வரை பத்துப் பெயர்கள். பதினோராவது பெயர் இருக்க வேண்டிய நடு இடத்தில் ஓட்டை. எழுதி, அழிறப்பரால் அழித்து, திரும்ப எழுதி, திரும்ப அழித்து, கடைசியில் தாளே தேய்ந்து கிழிந்துவிட்டது. என் சின்னவிரல் அதற்குள் போகிறது.

நினைவிருக்கிறதா, எண்பத்தாறாம் ஆண்டு வசந்தம்? கோடையில் நீங்கள் பழக்கிய எங்கள் பெடியளுக்கு மூன்று ஆட்டங்கள். முதலாவது வின்டர்தூர்த் தமிழர்களோடு, அடுத்தது லோசானோடு, கடைசி ஆட்டம் எங்கள் ஓஸ்டர்முண்டிகனிலேயே. இதற்கு நீங்கள் நடத்திய ஆலோசனையைப் போல ஒரு அரசாங்கம்கூட நடத்தியிராது. பயிற்சி முடிந்து ஏழெட்டுப் பேர் சேற்றுச் சப்பாத்தோடு மூன்று மாடி ஏறி வருவீர்கள். நான் காலையில் ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்துவிட்டு வந்து, மத்தியானம் உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிவிட்டு, பின்னேரம் உங்கள் சேற்றையும் துடைப்பேன்.

ஊற்றிய தேத்தண்ணியையாவது குடித்தீர்களா? பதினொரு பேரையும் மேசையில் நிறுத்த உங்களுக்குக் கோப்பை வேண்டும். எங்களிடம் இருந்தவை ஏழு கோப்பைகள். மிச்சத்துக்கு உப்புப் போத்தல், மிளகாய்த்தூள் டின், சீனிப் பாத்திரம், எலுமிச்சங்காய். யாராவது தாகத்தில் ஒரு கோப்பையைத் தொட்டால், "டேய், அதை எடுக்காதை, அது லெஃப்ட் பக்!" என்று கத்துவீர்கள். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும். நான் கறிக்கு உப்புக் கேட்டால், "பொறு பிள்ளை, உப்பு இப்ப கோர்னர் அடிக்குது" என்பீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். கறி உப்பில்லாமல் கொதிக்கும்.

வாதம் முழுக்க நடு இடத்தைப் பற்றியே. நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவன் யார்? போன வருடம் அந்த இடத்தில் நின்றவன் நேசன். இருபத்திரண்டு வயது, ஒல்லிக்குச்சி, மலையடிவாரத்து அகதிகள் விடுதியிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வருகிறவன். இந்த வருடம் அவன் பாதிப் பயிற்சிக்கு வரவில்லை. வந்த நாளிலும் பந்தை விட்டுவிட்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீங்கள் அவனுக்குப் பதிலாக ரவியைப் பிடித்துக்கொண்டீர்கள். ரவி ஓடுவான், நன்றாகவே ஓடுவான். எங்கே ஓடுகிறான் என்பதுதான் அவனுக்கே தெரியாது.

"வின்டர்தூர்ப் பெடியள் எல்லாரும் ஒரே தொழிற்சாலை," என்பார் கோல் காவலர் பாலா அண்ணை. "பின்னேரம் பின்னேரம் ஒண்டா விளையாடுறாங்கள். எங்களில ஒருத்தனுக்கு லீவெண்டா மற்றவனுக்கு வேலை. நடுவில ஒரு மூளைக்காரன் நிண்டாத்தான் தப்புவம். நேசனை நடுவில விடு."

"நேசனுக்குத் தலைக்கனம் பிடிச்சிட்டுது. பயிற்சிக்கு வராதவனுக்கு இடமில்லை" என்பீர்கள் நீங்கள்.

"தலைக்கனமோ? அந்தப் பெடியன் வாயே திறக்கிறேல்லை."

"அதுதான் தலைக்கனம்!"

இதே நாலு வரியை ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணித்தியாலம் கதைத்தீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும், எதிலும் சந்தேகமே கிடையாது. நான் அடுப்பைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் ஏன் ஆகாயத்தைப் பார்க்கிறான் என்று அந்தக் குசினியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, எனக்கு லீவு நாள், நீங்கள் வேலையில். நேசன் கதவைத் தட்டினான். கையில் ஒரு கடிதம். நான் தேவாலயத்து டொச் மொழி வகுப்புக்குப் போகிறவள், வாசித்துச் சொல்வேன் என்று வந்திருந்தான். வாசலிலேயே நின்று பிரித்தேன். அவனுடைய அகதி விண்ணப்பத்துக்கு நெகட்டிவ், நிராகரித்துவிட்டார்கள். முப்பது நாளுக்குள் முறையீடு செய்யலாம் என்று கீழே இருந்தது. அதற்கடுத்த புதன் முறையீடு எழுத வந்தான், அதையும் வாசல்படியிலேயே வைத்து எழுதினோம். மே மாதத்தில் ஒரு புதன் அதற்கும் நெகட்டிவ் என்ற கடிதத்தோடு வந்தான். நாட்டைவிட்டுப் போகவேண்டிய தேதியும் அதில் போட்டிருந்தது.

"அண்ணையிட்டச் சொல்லுவம் நேசன். அவருக்கு ஆக்களைத் தெரியும்" என்றேன்.

"வேண்டாம் அக்கா. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. விடுதியில எல்லாரும் என்னைச் செத்த வீட்டுக்காரனைப் பாக்கிற மாதிரிப் பாக்கினம். அண்ணைதான் என்னைப் பந்துக்காரனாப் பாத்துத் திட்டுறார். திட்டட்டும். திட்டுறது நல்லாயிருக்கு."

நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் சில நாள் நினைக்கிறேன், வேறு சில நாள் சரிதான் என்று நினைக்கிறேன்.

கீழ்வீட்டுக்காரி உங்கள் காதில் போட்டுவிட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்தபடி கேட்டீர்கள். "புதன்கிழமையில நேசன் வந்து போறவனோ?"

"ஓம். கடிதம் வாசிக்க."

"என்ன கடிதம்?"

"அவரைக் கேளுங்கோ."

கேட்டீர்களா? இல்லை. கல்யாணமாகாத தங்கச்சி, அண்ணன் இல்லாத வீடு, வாசலில் ஒரு பெடியன். உங்கள் தலைக்குள் ஒரு முழுக் கதை ஓடி முடிந்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை, பதிலுக்குக் கத்தியிருப்பேன். நீங்கள் செய்த வேலை என்ன? அடுத்த ஞாயிறு, முதல் ஆட்டத்துக்குச் சரியாக ஒரு கிழமை இருக்க, எல்லோருக்கும் முன்னால், "நடுவில ரவி. முடிவு. இனி இதைப் பற்றிக் கதை வேண்டாம்" என்று அறிவித்தீர்கள். அன்று நேசனும் வந்திருந்தான். கதவோரம் நின்று தலையாட்டினான்.

அவனுக்கு இந்த நாட்டில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு இடம். அதையும் நீங்கள் பறித்தீர்கள், அதுவும் என்னால். எனக்குத் தாங்கவில்லை. கரண்டியை மேசையில் போட்டேன்.

"ரவி தலையைக் குனிஞ்சு பந்தைப் பாத்துக்கொண்டு ஓடுறார். நேசன் பந்து வர முதலே நிமிர்ந்து ஆர் எங்க நிக்கினம் எண்டு பாக்கிறவர். நடுவில நிக்கிறவருக்குக் கண் வேணுமோ, கால் வேணுமோ?"

"உனக்கென்ன தெரியும் பந்தைப் பற்றி?" என்றீர்கள்.

"ஞாயிறு ஞாயிறா இதுக்குள்ளதானே நிக்கிறன். நான் செவிடில்லை."

பாலா அண்ணை சிரித்துவிட்டார். உங்கள் முகம் கறுத்தது. நான் அவனுக்காகக் கதைத்தது உங்கள் சந்தேகத்துக்கு நல்ல சாட்சியாகப் போயிருக்கும் என்று பிறகு யோசித்தேன். அதற்குப் பிறகு நாலைந்து நாள் நாங்கள் இருவரும் உப்பு, புளி, பஸ் நேரம் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நேசன் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தான். கையில் தோய்த்து மடித்த பத்தாம் இலக்க ஜேர்சி. அன்று பின்னேரம் ஒரு காரில் பிரான்சுக்குப் போகிறான், அங்கிருந்து கனடாவுக்குப் போகப் பார்க்கிறான். புறப்படும் நாள் அவனைக் கூட்டிப்போகிறவர்கள் கையில், அவன் கையில் இல்லை. "ஞாயிறு பின்னேரம் வரைக்கும் சொல்லாதேங்கோ அக்கா, அதுக்குள்ள நான் எல்லை தாண்டிடுவன். பிறகு இதை அண்ணையிட்டக் குடுங்கோ" என்றான்.

சனிக்கிழமை நீங்கள் மேசையில் இந்தத் தாளை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அறைக்குள் அலுமாரியைப் பார்த்தபடி இருந்தேன். ஜேர்சி அதற்குள். எழும்பிப் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். எப்படியும் ரவிதானே விளையாடப்போகிறான், நேசன் வராவிட்டால் இவருக்கென்ன நட்டம் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிறு நான் வேலைக்குப் போனேன், நீங்கள் வின்டர்தூருக்குப் போனீர்கள். நாலு சைபரில் தோற்று வந்தீர்கள். நான் ஜேர்சியை எடுத்து மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொல்ல வாய் திறந்தேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "உன்ர ஆள் எங்களை விட்டிட்டு ஓடிட்டான், என்ன?" என்றீர்கள்.

உன்ர ஆள்! திறந்த வாயை மூடிக்கொண்டேன். கேட்டால் சொல்லியிருப்பேன். இந்த மனிசனுக்கு நானாகச் சொல்வதில்லை என்று அன்று பிடித்த பிடிவாதம், எனக்குக் கல்யாணமாகி, உங்களுக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்த பிறகும் விடவில்லை. கொண்டாட்டங்களில் யாராவது பழைய பந்துக் கதை எடுத்தால் நீங்கள் "விட்டிட்டு ஓடினவன்" என்று தொடங்குவீர்கள். நான் எழும்பிப் பரிமாறப் போய்விடுவேன்.

எல்லோரும் போன பிறகும் இருந்த பாலா அண்ணையிடம் இன்று இந்தத் தாளைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ரவியின்ர பேரைத் தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டையாக்கிப் போட்டார்" என்றேன்.

"இல்லைப் பிள்ளை. ரவி இஞ்ச கிடக்கிறான், பார்" என்று அடியில் விரலை வைத்தார். தாளின் கடைசியில், மேலதிக ஆட்கள் என்ற தலைப்புக்குக் கீழே, முதல் பெயர் ரவி. நான் அவ்வளவு தூரம் பார்க்கவேயில்லை.

"சனிக்கிழமை பின்னேரம் என்ர வீட்டுக்கு வந்தவர்," என்றார். "தங்கச்சி சொன்னது சரி, ரவி குனிஞ்சுதான் ஓடுறான், நடுவில நேசன்தான் எண்டார். பிறகு சொன்னார், அவளுக்கு மட்டும் சொல்லிப் போடாதை, தலையில ஏறி இருந்திடுவாள் எண்டு."

அவர் நிறுத்தவில்லை.

"நேசன் விடுதியில இருந்து நேரா வருவான், ரயில் சுணங்கியிருக்கும் எண்டுகொண்டு மைதானத்துக்கு வாற ஒழுங்கைப் பக்கமே பாத்துக்கொண்டு நிண்டவர். ரவியை உள்ளுக்கு இறக்குங்கோ எண்டு நாங்கள் எல்லாரும் கத்தினம். கேக்கேல்லை. முதல் பாதி முழுக்கப் பத்துப் பேரோடதான் விளையாடினது. உனக்குத் தெரியாதோ?"

தெரியாது. யார் சொன்னது எனக்கு? ஒரு குசினிக்குள், ஒரு மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்தோம். நீங்கள் மனம் மாறியதைச் சொல்லியிருந்தால் நான் அவன் போய்விட்டதைச் சொல்லியிருப்பேன். வின்டர்தூரில் ஒரு மனிசன் நாற்பத்தைந்து நிமிடம் வெறும் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கத் தேவையில்லை. இதை நினைக்க நினைக்க உங்கள் படத்தைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலிருக்கிறது. பிறகு என்னையும்.

கேளுங்கோ அண்ணை, இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அவன் ஓடவில்லை. அவனுக்கு இரண்டு தரம் நெகட்டிவ் வந்தது. புதன்கிழமைகளில் வாசலைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே வரவில்லை. என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டான், அக்கா என்றுதான் நினைத்தான்.

பின்னேரம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. உங்கள் மனைவி, என் மச்சாள், படுத்திருந்ததால் நான் எடுத்தேன். "அக்காவோ? நான் நேசன். ரொறன்ரோவில இருந்து. அண்ணையின்ர மரண அறிவித்தலை இணையத்தில பாத்தன், நம்பரும் அதில கிடந்தது." குரல் தடித்திருந்தது, கிழவனாகிவிட்டான். எத்தனை பிள்ளைகள், உங்களுக்கு என்ன நோய் வந்தது, கடைசியில் கஷ்டப்பட்டீர்களா என்றெல்லாம் கதைத்தோம்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே. கனநாளா மனசுக்குள்ள கிடக்கு. அண்டைக்கு வின்டர்தூரில நடுவில ரவியைத்தானே விட்டவர்?"

"இல்லை. ஒருத்தரையும் விடேல்லை. நீர் ரயிலில வாறீர் எண்டு பாத்துக்கொண்டு நிண்டவராம்."



"பத்துப் பேரோடயோ? விசரே அந்த மனுசனுக்கு! ரவியை விட்டிருக்கலாம்தானே! வின்டர்தூரோட பத்துப் பேரை வைச்சுக்கொண்டு ஆரேன் விளையாடுவினமோ?" என்று கத்தத் தொடங்கினான். அழுதுகொண்டே கத்தினான். பத்துப் பேர்தான் என்றால் முன்னுக்கு நின்றவனில் ஒருவனைப் பின்னால் இழுத்திருக்க வேண்டுமாம், உங்களுக்கு அவ்வளவுகூடத் தெரியாமல் போச்சாம். நான் தடுக்கவில்லை. திட்டட்டும், திட்டுவது நல்லாயிருக்கு என்று அவன்தானே ஒரு நாள் சொன்னான்.

தாள் என் மடியில் கிடந்தது. அவன் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கையில், தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்த பேனையை எடுத்தேன். ஓட்டைக்குள் எழுத இடமில்லை. அதன் விளிம்பில் நேசன் என்று எழுதினேன். பையை மச்சாள் எறியட்டும், தாள் என்னோடு வருகிறது. பேனையால் எழுதியிருக்கிறேன் அண்ணை, இனி இதை அழிக்கிற வேலை வேண்டாம்.