நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள்

பாசத்துக்குரிய ஞானம் அண்ணனுக்கு,

இங்கே கட்கியில் மழை விட்டபாடில்லை. நீங்கள் போன பிறகு ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. வெடிமருந்து ஃபாக்டரி வாசலில் ஷிப்ட் விடும்போது, அந்தக் கூட்டத்தில் ஒரு முதுகு உங்களுடையது மாதிரியே தெரியும். மனசு ஒரு நொடி ஏமாந்துபோகும். அப்புறம் என்னை நானே திட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போவேன்.

நல்ல சேதி எதையும் கொண்டுவரவில்லை. உங்கள் வீட்டம்மா, என் சுனந்தா அண்ணி, என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலையே, நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். முன்பெல்லாம் கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு என்னை ஒட்டி உட்கார்ந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தை இரண்டு பேரும் பிடித்துக்கொள்வோம். உங்கள் அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெஞ்சில் எங்களுக்கு நடுவே அவருடைய கைப்பை வந்து உட்கார்ந்தது. பிறகு ஓர் ஆள் உட்காரும் இடம் விழுந்தது. பிறகு அவர் வேறு வரிசைக்கே போய்விட்டார். இடைவெளியை வைத்தே நாடகம் போட்டவள் நான். எனக்குப் புரியாதா அது?

நம் கோயில் ஹால் மேடையில் ஆணும் பெண்ணும் தொட்டு நடிக்கக் கூடாது. நமக்கு முந்தின தலைமுறை போட்ட சட்டம் அது, நாமும் மீறவில்லை. முன்னால் பெரியவர்கள் இருப்பார்கள். பின்னால் தமிழ் பாதிதான் புரியும் பிள்ளைகள், அவர்களோடு வரும் மராத்திச் சினேகிதர்களுக்கு அந்தப் பாதியும் கிடையாது. நீங்கள் வசனம் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டீர்கள்.

"ஏட்டி அமலி, நம்ம பேச்சு இந்தப் பிள்ளைகளுக்கு எட்டாது. நீ எங்க நிக்கே, எவ்வளவு தள்ளி நிக்கே, அதுதான் எட்டும்."

"அப்போ நான் வாயைத் தைச்சுக்கிடட்டுமா அண்ணே?"

"தைச்சா கட்கிக்கே நல்லது."

அப்படித்தான் அந்த நாடகம் வந்தது. பிம்ப்ரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை போய்விட்டதை மனைவியிடம் மறைக்கிற ஒருவனுடைய கதை. நீங்கள் கணவன், நான் மனைவி. கிறிஸ்துமஸ் விழா வந்தால் ஜனங்கள் அதையேதான் கேட்டார்கள். கேட்டது கதைக்காக இல்லை, அந்தக் கடைசிக் காட்சிக்காக. கணவன் ஹாலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். மனைவி பின்னால் வந்து நிற்பாள். வசனம் கிடையாது. அவன் தலை மெல்லப் பின்னால் சாய்ந்து, அவள்மேல் படுவதற்கு நூலளவு முன்னால் நின்றுவிடும். அவள் அசைய மாட்டாள். வேலை போனது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் ஹாலில் யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது அண்ணே. உங்கள் பெட்டியை வீட்டு முன்னறையில் வைத்திருந்தபோது, எங்கே நிற்பதென்று நான் யோசிக்கவே இல்லை. கால் தானாகப் போய் உங்கள் தலைமாட்டுக்குப் பின்னால் நின்றுவிட்டது. எத்தனையோ வருஷமாக மேடையில் நின்ற அதே இடம், அதே நெருக்கம். அண்ணி பக்கவாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கூடியிருந்த எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். யாரோ என் முழங்கையைப் பிடித்து மெதுவாக அப்பால் கூட்டிப்போனார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் வாய்க்கு வேறென்ன வேண்டும்?

ஊர் பேசினால் பேசட்டும், துடைத்துப் போட்டுவிடுவேன். அண்ணியை இழக்க எனக்குத் தெம்பில்லை. எனக்கென்று இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

போன மாதம் ஒருநாள் காலையிலேயே போய்க் கதவைத் தட்டிவிட்டேன். உள்ளே விட்டார். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. தமிழ் தெரியாத வீட்டில் பிறந்தவர், எப்போதும் என்னோடு இந்தியில் சளசளவென்று பேசுகிறவர், அன்றைக்கு உடைந்த தமிழில் பேசினார்.

"எனக்குத் தமிழ் வராது அமலி. கண்ணு இருக்கு. அவர் தலை பின்னால வரும். நீ நகரமாட்டே. அவர் தொடாம நிறுத்துவார்னு உனக்கு எப்படித் தெரியும்? நல்லாத் தெரிஞ்ச பொம்பளைதான் அப்படி நிப்பா."

எனக்குச் சுள்ளென்று வந்தது. வந்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. எங்கள் சொந்த வாழ்க்கையையே நடித்தோம் என்று நினைத்திருக்கிறார், பாருங்கள். பாராட்டென்று எடுத்துக்கொள்வதா, தலையில் அடித்துக்கொள்வதா?

ஒத்திகையில் நடந்ததை அவரிடம் சொன்னேன். அந்தக் காட்சி எனக்கு வரவே இல்லை. நான் நின்றால் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி இருந்தது. நீங்கள் எரிச்சலாகி எழுந்துவிட்டீர்கள். "எங்க வீட்டம்மா நிக்க மாதிரி நில்லுட்டி. ஷிப்ட்ல கடுப்பாகி வந்து உக்காந்தேன்னா அவ ஒண்ணும் கேக்க மாட்டா. பின்னால வந்து நிப்பா. அவ நிக்கான்னு என் முதுகுக்குத் தெரியும். தலையைச் சாய்ச்சா நகர மாட்டா. அது போதும் எனக்கு." அப்புறம் ஒரு முழு மாலை, அண்ணி கையை எங்கே வைப்பார், எந்தக் காலில் பாரம் போடுவார், பார்வை எந்தப் பக்கம் இருக்கும் என்று எனக்கு நின்று காட்டினீர்கள். உங்கள் தொப்பையோடு நீங்கள் அண்ணியாக நின்றதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

"மேடையில் நின்றது நான் இல்லை அண்ணி. உங்களைத்தான் அவர் அங்கே நிறுத்தி வைத்திருந்தார்" என்றேன்.

அவர் நம்பவில்லை. எழுந்துபோய் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நின்ற பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பாரம், நான் சற்று முன் சொன்ன மாதிரியே, இடது காலில் இருந்தது. அவர் முகம் அப்படியே உடைந்தது.

இதை ஏன் அண்ணே அவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை? அவ்வளவு பெரிய ஹாலுக்குக் காட்டத் தெரிந்தது, ஒரு சமையலறையில் வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லையா? சொல்லாமலே புரியும் என்று இருந்துவிட்டீர்களோ?

அப்புறம் அண்ணி இந்தியில் மெதுவாகக் கேட்டார். "நான் பின்னால் நிற்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும்?"

"நீங்கள்தான் ஹாலில் உட்கார்ந்து பார்த்தீர்களே அண்ணி. வீட்டில் இருந்த அதே முகம்தான் மேடையிலும்."

அண்ணி இல்லையென்று தலையை ஆட்டினார். முதல் வருஷம் அந்தக் காட்சி தொடங்கும்போதே மனசு என்னவோ செய்ததாம். உங்கள் தலை சாய ஆரம்பித்ததும் குனிந்துகொண்டாராம். அப்புறம் எந்த வருஷமும் அந்த இடம் வந்தால் தன் மடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். கைதட்டல் கேட்ட பிறகுதான் நிமிர்வாராம். தலை தொடாமல் நின்றதும் நான் நகராததும் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியுமாம்.

"நீ சொல்லு அமலி. எப்படி இருந்தது அந்த முகம்?"

நான் எப்படிச் சொல்வேன்? நானும் பின்னால்தானே நின்றேன்? கட்கியே பார்த்த முகத்தை நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்க்கவில்லை.

அண்ணி இப்போது பேசுகிறார், பழைய வரிசைக்கும் திரும்பிவிட்டார். ஆனால் கோயிலில் அந்தக் கைப்பை இன்னும் நடுவில்தான் இருக்கிறது. நம்பினாரா, நம்ப ஆசைப்படுகிறாரா, எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கடைசிக் காட்சியை யாராவது போனில் எடுத்து வைத்திருப்பார்களா என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன் அண்ணே. விழாவில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள். கோந்த்வாவில் ஒருத்தி தன் டான்ஸை மட்டும் வைத்திருக்கிறாள். நிக்டியில் ஒருவனிடம் நம் நாடகம் இருந்தது. கடைசிக் காட்சியில் யாரோ சாப்பாட்டுக்கு எழுந்து குறுக்கே நின்றுவிட்டார்கள். உங்கள் முழங்கை மட்டும் தெரிகிறது. இன்னும் பல வீடு பாக்கி இருக்கிறது, விட மாட்டேன்.

கிடைத்துவிட்டால் நான் பார்க்க மாட்டேன். பார்க்க எனக்கும் ஆசை உண்டு, உங்களிடம் எதற்குப் பொய். ஆனாலும் போனை அண்ணி கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுவேன். அந்த முகம் எனக்காகக் காட்டியது இல்லை.

இப்படிக்கு,
உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
அமலி