தும்பி இங்கேதான் இருக்கிறாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அதற்குமேல் எனக்கு வேண்டுதல் கிடையாது. போனை நீ பாதியில் வைத்துவிட்டதால்தான் இந்தக் கடிதம். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிக்கிறவர்கள்கூட முழுசாகப் படித்துவிட்டுத்தான் கிழிக்கிறார்கள்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், தும்பி இங்கேதான் இருக்கிறாள். உன் அறையில், உன் கட்டிலில், உன் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். மாடிச் சித்தி உனக்குப் போன் செய்து அழுததும், கண் தெரியாத தன் பெண்ணை நான் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னதும், நான் எப்படிப்பட்ட தாய் என்று நீ உன் கைப்பட எழுதிக் கொடுத்தால் அதைக் காட்டிப் பெண்ணை மீட்டுக்கொள்வேன் என்று கெஞ்சியதும் எனக்குத் தெரியும், நீதானே சொன்னாய். எழுதிக் கொடு. உன் பெட்டியைச் சோதித்தேன், உன் தோழிகளை வாசலோடு அனுப்பினேன், உன் அறைக்குத் தாழ்ப்பாள் வைக்க விடவில்லை. யார் வந்து கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வேன், அதற்காக இந்தக் கடிதத்தில் உன் காலில் விழப்போவதும் இல்லை. அது உனக்கும் எனக்கும் உள்ள வழக்கு. தும்பியின் கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீ போனை வைப்பதற்கு முன்னால் சொன்னது, கடையில் லென்ஸ் தேய்க்கிற சத்தத்தையும் மீறிக் காதில் கேட்கிறது. “பெத்த பொண்ணையே வச்சுக்கத் தெரியல, அடுத்தவங்க பொண்ணு எதுக்கும்மா உனக்கு?” நல்ல கேள்வி. பொறுமையாகப் படி.

சித்தி உனக்கு வெறும் மேல்வீட்டுக்காரி இல்லை என்று எனக்குத் தெரியாதா. என்னோடு சண்டை போட்டுவிட்டு நீ படியேறி ஓடியது அவள் மடிக்குத்தான், நானும் கீழே நின்றுகொண்டு போய்த் தொலை, அவளாவது சோறு போடுவாள் என்று விட்டிருக்கிறேன். முகத்தில் பாதி கண்ணாக இருந்த அவள் குழந்தைக்குத் தும்பி என்று பெயர் வைத்ததே நீதான். அந்தத் தும்பிக்கு நீ வெளிநாடு போன பிறகு கண் கெட ஆரம்பித்தது, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு. கறுப்புக் கண்ணாடி, எந்நேரமும் இழுத்து மூடிய திரை, காலையும் மாலையும் சொட்டு மருந்து, படியிறங்க அம்மாவின் தோள். நான் கண்ணாடிக் கடைக்காரி ஆயிற்றே, ஒருதரம் கூட்டி வா பார்க்கலாம் என்று எத்தனையோ முறை சொன்னேன், பெரிய டாக்டர் பார்க்கிறார், கடையில் பார்க்கிற கண் இல்லை இது என்று சொல்லிவிடுவாள். நானும் பெற்றவளைவிடவா நமக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினவளுக்கு இத்தனை காலம் தெரியவில்லையா என்று கடைக்குப் பக்கத்துத் தையல்காரர்கூட இப்போது கேட்கிறார். தெரியவில்லை. தாய் பிள்ளையின் கண்ணில் மருந்து விடுகிறாள் என்றால் எந்த மனிதர் சீசாவை முகர்ந்து பார்ப்பார்?

பித்தப்பையில் கல் என்று சித்தி ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தபோது தும்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என்னிடம் விட்டாள். கண்ணாடியைக் கழற்றவே கூடாது, திரையை விலக்கக் கூடாது, மருந்தை மறக்கவே கூடாது, ஒரு வேளை விட்டுப்போனாலும் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அறுவை முடிந்து காய்ச்சல் கண்டதில் அவள் வருவது தள்ளிப்போயிற்று, மருந்து தீர்ந்துவிட்டது. சீசாவில் ஒட்டியிருந்த காகிதம் உரிந்து பசை மட்டும்தான் இருந்தது. மருந்துக் கடையில் பெயர் தெரியாமல் எதைக் கொடுப்பது என்று கையை விரித்தார்கள், சித்தியோ பேசும் நிலையில் இல்லை. குருடாகிவிடுவேன் பெரியம்மா என்று தும்பி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்த, கண் உலராமல் இருக்க யாருக்கும் விடுகிற சாதாரணச் சொட்டு ஒன்றை வாங்கி, அதே மருந்துதான் என்று சொல்லி விட்டுவந்தேன். அது தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. சில நாள் கழித்துச் சமையலறையில் நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கிறேன், பின்னால் நின்றவள் சொன்னாள், “பெரியம்மா, உங்க சுவத்துல விரிசல் விட்டிருக்கே.” அது எப்போதோ விட்டது, வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது என்று பதில்கூடச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் கரண்டி கையில் நின்றது.

அவளை ஜன்னலருகே உட்காரவைத்துக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். கூட்டிவந்த அன்று எதேச்சையாகப் பார்த்தபோது கண்ணின் பாப்பா கிணறு மாதிரி விரிந்து கிடந்தது, நோயாக்கும் என்று நினைத்தேன். இப்போது கடுகாகச் சுருங்கி வெளிச்சத்துக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறது. கண் சோதனை முடிந்து நேராக என் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறாயே, பாப்பா விரிந்து, வெயிலுக்குக் கூசிக்கொண்டு, கையெழுத்துப் போடுகிற இடம் தெரியாமல் தடவுவார்களே, அவர்களுக்குப் பாப்பாவை விரிக்க டாக்டர் விடுகிற அந்தச் சொட்டுதான் இது. அவர்களுக்கு ஒரு நாள் கூத்து. தினமும் விட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததில்லை, யோசிக்க வேண்டிய அவசியம் யாருக்கு வரும்? கல்யாணத்துக்கு முன்பு சித்தி கண் டாக்டர் ஒருவரிடம் வேலை பார்த்தவள், வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குச் சொட்டு விடுவதுதான் அவள் வேலை என்று உனக்கே கதை சொல்லியிருப்பாள். நான் தும்பியைக் கூட்டிக்கொண்டு வேறொரு கண் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் நான் சொன்னதைக் கேட்டு எல்லாம் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு நோயும் இல்லை, பாப்பாவை விரிக்கிற சொட்டை இவளுக்கு யார் விட்டது என்று கேட்டார். தும்பி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை உனக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என் சமையலறையில் உட்காரவைத்துத்தான் கேட்டேன், டீயும் கொடுத்தேன். மறுப்பாள், அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். டீயை ஊதிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள், “உன் பொண்ணு போனப்போ உன் மூஞ்சியப் பாத்தேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். கண்ணு தெரிஞ்சா இவளும் போயிடுவா.” அதோடு விடவில்லை. “உன் கையில அந்த மருந்து இருந்திருந்தா நீ விட்டிருக்க மாட்டியா?” என்று கேட்டாள். நான் உடனே மாட்டேன் என்று சொன்னதாக உனக்கு எழுத ஆசைதான். சொல்லவில்லை. நீ கிளம்பின காலை நினைவுக்கு வந்தது, வண்டி வாசலில் நின்றது, நீ பெட்டியைத் தூக்க முடியாமல் படியில் திணறினாய், நான் இறங்கி வராமல் நம் வீட்டுக் கதவோரமே நின்றிருக்கலாம், பெட்டி கனக்கிறது என்று நீ திரும்பியிருந்தாலும் திரும்பியிருப்பாய். யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு மாட்டேன் என்றேன். யோசித்துச் சொன்னதால் அது எனக்கு உறுதியாக இருக்கிறது. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், நீ போனதால் இது நடந்தது என்று இரவெல்லாம் உட்கார்ந்து அழாதே. போகிற பிள்ளை போகத்தான் வேண்டும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், கண் மட்டும் எப்படி ஒன்றாகும்?

அன்றிலிருந்து தும்பி மேலே போகவில்லை. சித்தி சண்டைக்கு வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தினமும் காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு புதுச் சீசா இருக்கும், பால் வைத்துவிட்டுப் போனதுபோல. நான் எடுத்துக் கொட்டிவிடுவேன். ஒரு நாள் சீசா இல்லை, மறுநாளும் இல்லை, அலுத்துப்போய் விட்டுவிட்டாள் என்று நினைத்துக் கொஞ்சம் நிம்மதியாகத் தலையணை உறை மாற்றப் போனேன். சீசா தும்பியின் தலையணைக்கடியில் இருந்தது, பாதி காலி. எனக்கு முன்னால் எழுந்து அவளே எடுத்திருக்கிறாள், அவளே விட்டுக்கொண்டிருக்கிறாள். ஏனடி என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “எல்லாமே ரொம்பக் கிட்டக்க இருக்கு பெரியம்மா. அம்மா அழறது மேலேருந்து கேக்குது. விட்டுக்கிட்டா எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போகுது.” உன் பெட்டியைச் சோதித்த அதே கைதான் என் கை, அது சீசாவைச் சாக்கடையில் எறியவும், அறைக்கு வெளியே தாழ்ப்பாள் வைக்கவும் துடித்தது. அப்படிச் செய்திருந்தால் நீ எழுதிக் கொடுக்கப்போகிற தாளில் ஒரு எழுத்துகூடப் பொய்யாக இருக்காது. சீசாவைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். உன் கண், உன் கை, விட்டுக்கொள்வதானால் கண்ணாடி முன்னால் நின்று உன் முகத்தை நீயே பார்த்து விட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். அன்று கடையில் ஒருத்தருக்கு வலதுகண் லென்ஸை இடதுபக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன், நல்ல வேளை, அவர் வாசலைத் தாண்டுவதற்குள் தூணில் மோதிக்கொண்டார், கூப்பிட்டு மாற்றினேன். திரும்பி வந்தபோது சீசா மேசையில் அப்படியே இருந்தது. தும்பி கண்ணாடி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள், எவ்வளவு நேரமாகவோ.

நேற்று சித்தி தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், வேன் ஓட்டுகிறவர், உனக்கும் தெரியும், குரலிலேயே ஹாரன் வைத்திருப்பவர். கண் தெரியாத பெண்ணை ஏமாற்றி வைத்திருக்கிறாயா, இப்போதே தூக்கிக்கொண்டு போகிறேன், தடுத்துப் பார் என்று படிக்கட்டே அதிரக் கத்தினார். நான் கதவை விரியத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவள் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன், போனால் போகட்டும் என்று நிற்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். தும்பி கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வந்து நின்றாள். மாமாவை மேலும் கீழும் பார்த்தாள். “மாமா, சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க,” என்றாள். அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அப்புறம் தன் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பொத்தானைப் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். சித்தி மட்டும் சீசாவை நீட்டிக்கொண்டு, வா கண்ணு, உனக்கு வெளிச்சம் ஆகாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தும்பி கிட்டே போய் அவள் நெற்றிமயிரை ஒதுக்கி, “எப்பம்மா உனக்கு இவ்வளவு நரைச்சுது?” என்று கேட்டாள். “நான் வரலம்மா. நீ என்னைப் பாக்கணும்னா கீழ வா. இதை மேலயே வச்சிட்டு வா.” இவ்வளவுதான் சொன்னாள். சித்தி ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு மேலே ஏறினாள், தோளைப் பிடித்துக்கொள்ள மகள் இல்லாமல், சுவரைத் தடவிக்கொண்டு.

ஜெயித்துவிட்டோம் என்று எழுதவில்லை. இன்று காலையும் வாசலில் சீசா இருந்தது. தும்பிதான் எடுத்தாள். என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன், அவள் அறைக்கு நேற்று உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தாயிற்று. ஊர் என்னைப் பிள்ளை பிடிக்கிறவள் என்கிறது, சொல்லட்டும். நீயும் என்னோடு பேசாமல் இருப்பதானால் இரு, அதற்கும் நான் தயார், ஆனால் நீ என்னோடு பேச வேண்டும் என்பதற்காக இந்தப் பெண்ணை அந்தப் படியில் திருப்பி ஏற்றமாட்டேன். சித்திக்கு அந்தத் தாளை எழுதுவதானால் நான் செய்தது எல்லாவற்றையும் எழுது. கூடவே அன்று நம் வீட்டுக் கதவோரம் நிற்காமல் படியிறங்கி வந்து உன் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தது யார் என்பதையும் ஒரு வரி எழுது.

போனில் உன் முகத்தைப் பார்க்கும்போது கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறாய். அம்மா சொல்கிறாள் என்று வேண்டாம், கடைக்காரி சொல்கிறாள் என்றாவது போய்ச் சோதித்துக்கொள். சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எங்கே இருந்தாலும் உன் கண்ணும் உன் காலும் உன் சொல் கேட்டு நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
நீ எழுதப்போகிற தாளுக்கும் சேர்த்துக் கையெழுத்திடும்,
உன் அம்மா

பி.கு.: உறைமேல் இருக்கிற முகவரி என் கையெழுத்து இல்லை என்று கவனித்திருப்பாய். எழுத்து கொஞ்சம் கோணல்தான், பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் பேனாவைத் தொட்டதில்லை. உன் தெருவின் பெயரை மட்டும் ஒருமுறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். நான் வழிகாட்டவில்லை, பார்த்துத்தான் எழுதினாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருந்தால் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.