பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் கடப்பாரை போட்டேன், அக்கா

என்னை இடுப்பிலேயே வைத்து வளர்த்த அக்காவுக்கு,

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். உன் மகள் கவிதா உள்ளே இருக்கிறாள். டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. என் சட்டை, வேட்டி எல்லாம் சிமெண்ட். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

பிரசவத்துக்கு வந்த இடத்தில் சிமெண்ட் எதற்கடா என்று நீ கேட்பாய். அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. உன்னைவிட்டால் யாரிடம் சொல்வேன்?

படுத்த படுக்கையாக இருந்தபோது நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எம்பொண்ணு தலப்பிரசவத்துக்கு ஒன் வூட்டுக்குத்தான்டா வரணும். தாயில்லாத பொண்ணுன்னு ஒருத்தர் வாயில வரக் கூடாது" என்றாய். அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. நீ அவ்வளவு தூரம் யோசித்து வைத்திருந்தாய்.

கல்யாணத்தை என் வீட்டில்தான் நடத்தினேன். அதைப் பார்க்க நீ இல்லை. அந்தக் கல்யாணத்துக்காகத்தான் வாசலில் புதிதாகக் கான்கிரீட் தளம் போட்டு, மூன்று படியும் கட்டினேன். "ரொப்புன மண்ணு ஒரு மழ தின்னு எறங்கட்டும், அப்பறம் தளம் போடலாம்" என்று மேஸ்திரி ஏழுமலை சொல்லத்தான் செய்தார். முகூர்த்த நாள் மழைக்குக் காத்திருக்குமா? போட்டுவிட்டோம். பந்தலுக்குக் கீழே பளபளவென்றுதான் இருந்தது.

வளைகாப்பு முடிந்து கவிதாவைக் கச்சிராயபாளையத்துக்கு அழைத்து வந்த வாரம், கல்வராயன் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால் தளம் ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கிறது. படிகள் தளத்தை விட்டு விலகி வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டன. நடுவில் கால் மாட்டிக்கொள்கிற அளவுக்கு இடைவெளி. அவள் கல்யாணத்துக்கென்று போட்ட தளம் அவளையே தள்ளிவிடப் பார்க்கிறது.

உடனே உடைத்துச் சரிசெய்துவிடலாம் என்றேன். என் வீட்டுக்காரி செல்வி குறுக்கே நின்றாள். உன்னோடு ஓயாமல் மல்லுக்கு நின்றவள் என்னை விடுவாளா?

"இன்னா பேசறீங்க? புள்ளத்தாச்சி வூட்ல இருக்கசொல்ல வாசல்ல கடப்பார போடுவாங்களா? நம்ம பொண்ணாவே இருந்தாலும் யோசிக்கணும். இது ஒங்க அக்கா பொண்ணு. நாளைக்கு ஒண்ணுன்னா அவ மாமியாருக்கு யாரு பதில் சொல்றது?"

தெருவே அவள் பக்கம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் இடிப்பதோ வாசலைத் தோண்டுவதோ கூடாது, வயிற்றில் இருப்பதற்கு ஆகாது என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அந்தப் பேச்சுக்கு நானும் பயந்தவன்தான். நீ மட்டும் பயப்படாதவளா, அக்கா? கவிதா உன் வயிற்றில் இருந்தபோது ஆணி அடிக்கக்கூட மாமாவை நீ விடவில்லை.

உடைக்கத்தானே கூடாது, பூசலாம் அல்லவா என்று ஒரு யோசனை செய்தோம். யோசனை என்னுடையது, தலையாட்டியது ஏழுமலை. இறங்கின தளத்தின் மேலேயே புதுக் கான்கிரீட்டைக் கொட்டி மட்டப்படுத்தினோம். செல்விக்கும் திருப்தி, ஊருக்கும் திருப்தி. அடியில் மண் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்த தளத்தின் தலையில் இன்னும் பாரத்தை ஏற்றுகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த மழையில் மொத்தமும் இன்னும் கீழே போனது. இந்த முறை வீட்டுப் பக்கமாகச் சாய்ந்ததால் தண்ணீர் நிலைப்படியில் வந்து தேங்கியது.

அந்த ஈரத்தில்தான் கவிதாவுக்குக் கால் வழுக்கியது. துணி காயப்போட வந்தவள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. நான் எதிரே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். ஓடி வருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அவள் வயிற்றில் கையை வைத்தபடி நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். அப்படியே உன் முகம்.

"மாமா, ஒடச்சிடுங்க. கடப்பார சத்தத்துக்கு ஒண்ணும் ஆவாது. நான் வுழுந்தாதான் ஆவும்" என்றாள்.

வேலை முடியும்வரை பக்கத்து வீட்டில் இருக்கட்டும் என்று செல்வி சொல்லிப் பார்த்தாள். கவிதா ஒப்பவில்லை. "அம்மா வூடுன்னு வந்துக்கிறேன் அத்த. இன்னொருத்தர் வூட்டுக்கு அனுப்பாதீங்க" என்றாள். அதற்குமேல் செல்வி வற்புறுத்தவில்லை. என்னோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டாள்.

ஏழுமலை கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் கடப்பாரையைத் தூக்கினார். தளத்தைப் பெயர்த்தால் அடியில் ஒரு குடம் போகிற அளவுக்குப் பொந்து. இவ்வளவு நாள் அதன்மேல்தான் அவள் நடந்திருக்கிறாள். இளகின மண்ணை அள்ளி வெளியே போட்டுவிட்டு, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, கட்டையால் இடித்து இடித்து இறுக்கினோம். மாடியிலிருந்து விழும் தண்ணீருக்குக் குழாய் வைத்து வெளியே திருப்பினோம். இன்று காலையில்தான் தளத்துக்கும் படிக்கும் கான்கிரீட் போட்டோம்.

கரணையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து செல்வி கத்தினாள்.

முன்வாசல் முழுக்க ஈரக் கான்கிரீட். பலகை போட்டுக் கடக்கலாம் என்றால் யாருக்கும் தைரியம் வரவில்லை. கவிதாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் ஏழுமலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பின்கட்டு வழியாக, மாட்டுக்கொட்டகையைத் தாண்டிக் கரும்புத் தோட்டத்து வரப்பில் ரோடு வரைக்கும் தூக்கி வந்தோம். வரப்பில் ஒவ்வொரு அடிக்கும் நான் உன்னைத்தான் கூப்பிட்டேன். அவள் என் தோளைப் பிடித்த இடம் இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.

இப்போது என்னைத் தின்றுகொண்டிருப்பது ஒரே கேள்விதான். வலி தானாகத்தான் வந்ததா, என் கடப்பாரை கொண்டுவந்ததா? அந்த டாக்டரம்மாவிடம் வெட்கத்தைவிட்டுக் கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க, போய் உக்காருங்க" என்றார். புத்தி கேட்டுக்கொள்கிறது, மனசு கேட்கமாட்டேன் என்கிறது. உன் மருமகன் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். மணிக்கொருதரம் போன் செய்கிறார். "நல்லாருக்குதுங்க மாப்ள" என்கிறேன். நல்லா இருக்கிறதா, அக்கா? உனக்காவது தெரியுமா?

செல்வி பெஞ்சின் அந்தக் கோடியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "நான் சொன்னேனே" என்று ஒரு தடவை திட்டிவிட்டால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும்.

கொஞ்சம் இரு. நர்ஸ் வெளியே வருகிறார்.

வந்துவிட்டேன். நின்றபடியே தட்டுகிறேன், எழுத்துப் பிழையாக வந்தால் பொறுத்துக்கொள். நர்ஸ் வாசலில் நின்று, "கவிதாவோட அம்மா யாருங்க? அந்தப் பொண்ணு ரொம்ப பயப்படுது. அம்மா மட்டும் கூட வந்து நில்லுங்க" என்றார். அவளுக்கு அம்மா இல்லை என்று சொல்ல நான் எழுந்தேன். அந்தச் சொல் வாயில் வரவில்லை. நீ எதற்குப் பயந்தாயோ அதையே நான் சொல்ல வேண்டியதாகிவிட்டதே என்று நின்றேன்.

எனக்கு முன்னால் செல்வி எழுந்துவிட்டாள்.

"நான்தாங்க" என்றாள். செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள்.

கதவு சாத்தியிருக்கிறது, அக்கா. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் உன் மகள் தனியாக இல்லை. தாயும் பிள்ளையுமாக அவர்கள் வீடு வரும்வரை அந்தத் தளம் இறுக நான் வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றுவேன். அவள் கால் வைப்பதற்கு முன் ஒவ்வொரு படியிலும் நான் ஏறி நின்று பார்ப்பேன். முன்வாசல் வழியாகத்தான் அவளை உள்ளே அழைத்துப் போவேன். இது உன்மேல் சத்தியம்.

உட்கார முடியாமல் நின்றுகொண்டிருக்கும்,
உன் தம்பி, கவிதாவின் தாய்மாமன்