உன் பெயர் இல்லாத கையேடு

போன மாதம் கடலூரில் ஒரு பயிற்சி. உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு கையேட்டைக் கையில் திணித்தார்கள். ஜெராக்ஸ் கடையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். தாளில் சூடு இருந்தது, மை வாசனை மூக்கில் ஏறியது. மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றுவது எப்படி என்று தலைப்பு. நாலாம் பக்கம் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டேன். அங்கிருந்த ஸ்கிரீன்ஷாட்டில் மாணவர் பெயர் சுறா. தந்தை பெயர் திமிங்கலம்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெயர்களை நீ தட்டச்சு செய்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நான்தானே. "நம்ம பசங்க பேரு வெளிய போவக் கூடாதுடி. மீனு பேரு போட்டா எந்த மீனு வந்து கேக்கப் போவுது?" என்றாய். படம் எடுத்ததும், எதையும் சேமிக்காமல் பக்கத்தை மூடினாய்.

கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். நீ போட்ட சிவப்பு வட்டங்கள் இருந்தன. கடினமான இடம் வரும்போதெல்லாம் நீ எழுதும் "இங்கே பயப்பட வேண்டாம்" என்ற வரியும் இருந்தது. 'தொகுப்பு' என்று போட்டு அதற்குக் கீழே யாரோ ஒருவர் பெயர். உன் பெயர் எங்குமே இல்லை.

கிள்ளைப் பக்கத்துப் பள்ளியில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். நீ அந்தக் கரையிலேயே பிறந்து, கடலுக்குப் போகிறவர் வீட்டிலிருந்து முதலில் டீச்சரான பெண். புதிதாக வந்த விவரப் பதிவை எப்படிச் செய்வது என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தபோது ஹெச்.எம். அதை உன்னிடம் தள்ளிவிட்டார். மூன்று நாள் மல்லுக்கட்டி முடித்தாய். "எனக்கு மூணு நாள் போச்சு. இன்னொருத்திக்கும் எதுக்கு மூணு நாள் போவணும்?" என்று கேட்டாய். மறுநாள் மதிய இடைவேளையில் வலைப்பூ தொடங்கிவிட்டாய்.

முதல் சில வாரங்கள் அதைப் படித்த ஒரே ஆள் நான். அதுவும் என் இஷ்டத்துக்கு இல்லை. பதிவை மட்டும் பார்த்து வேலையைச் செய்யச் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பாய். நான் எந்த வரியில் திணறினாலும் அதை அடித்துவிட்டு மறுபடி எழுதுவாய். "நீ நிக்கிற எடத்துலதான் எல்லாரும் நிப்பாங்க" என்பாய். பிறகு மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு சார் நன்றி சொல்லிப் பின்னூட்டம் போட்டார். வாட்ஸ்அப் குழுக்களில் உன் பதிவுகள் சுற்றத் தொடங்கின. கடைசித் தேதிக்கு முந்தைய நாள் படிவத்தை மாற்றினார்கள். புது வழிமுறையை நீ மதியத்துக்குள் எழுதிப் போட்டாய். அன்று பார்வையாளர் எண்ணிக்கை ஏறியதைப் பார்த்து, "மிஷினு கெட்டுப்போச்சுபோலடி" என்றாய். பெயர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் போன் வந்தது. ஒருவரிடமும் நீ சலித்துக்கொண்டு நான் கேட்டதில்லை.

அந்தப் படிவத்தில் தந்தை பெயர் எழுதாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாக்கள், விட்டுப் போன அப்பாக்கள் என்று நம் வகுப்பிலேயே எத்தனை பிள்ளைகள். அதற்கு என்ன செய்யலாம் என்று விளக்கிவிட்டு, இந்தக் கட்டாயமே தவறு, மாற்ற வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாய். அந்த ஒரு வரிக்காகக் கல்வி அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. யாருடைய அனுமதியில் வலைப்பூ நடத்துகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

நான் அன்று என்ன சொன்னேன் தெரியுமல்லவா? "எடுத்துடுடி, எதுக்கு வம்பு" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"தப்பா எழுதியிருந்தா சொல்லட்டும், எடுத்துடறேன். சரியா எழுதுனத எதுக்கு எடுக்கணும்?"

நீ எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் கட்டாயத்தைச் சத்தமில்லாமல் நீக்கினார்கள். மெமோவை மட்டும் திரும்பப் பெறவே இல்லை. காய்ச்சல் என்று படுத்து எட்டாம் நாள் நீ போனபோதும் அது உன் கோப்பில் இருந்தது.

இதெல்லாம் மனதில் ஓடியதால்தான் அந்தப் பயிற்சியில் எழுந்து நின்றேன். இதை எழுதியது இவர்தான் என்று உன் பெயரைச் சொன்னேன். வகுப்பெடுத்த கருத்தாளர் குழம்பிப்போனார்.

"நெட்ல கெடச்சுது டீச்சர். யாருதுன்னு தெரியல."

"பக்கத்துக்கு மேலயே பேரு இருக்கும் சார். அத வெட்டிட்டுத்தான் ஜெராக்ஸ் போட்டிருக்கீங்க."

பின்வரிசையில் இருந்த அதிகாரி எழுந்து வந்தார். உனக்கு மெமோ அனுப்பிய அதே அலுவலகம். "அவுங்கதான் இப்ப இல்லியேம்மா. இதப் பெரிசு பண்ணி இன்னா ஆவப் போவுது?" என்றார்.

"மெமோ குடுக்கும்போது மட்டும் அவுங்க பேரு தெரிஞ்சுதே சார்" என்றேன்.

வாசல் பக்கம் இருந்த வயதான ஒருவர் எழுந்தார். ஊர்ப் பெயரைச் சொன்னதும்தான் தெரிந்தது, உனக்குப் பின்னூட்டம் போட்ட மங்கலம்பேட்டை சார் அவர்தான். நான் அன்றுதான் பார்த்தேன். "நானும் அவுங்க எழுதுனதப் பாத்துதான் கத்துக்கிட்டேன். பேரப் போட்டுடுங்க சார்" என்றார். இன்னும் சிலர் தலையாட்டினார்கள். அடுத்த முறை அச்சிடும்போது சரிசெய்துவிடலாம் என்று அதிகாரி சொன்னார்.

அடுத்த கையேடும் வந்தது. காடாம்புலியூரிலிருந்து பயிற்சிக்குப் போன ஒரு டீச்சர் கொண்டுவந்து காட்டினார். உன் பெயரைச் சேர்க்கவில்லை. சுறாவையும் திமிங்கலத்தையும் அழித்து, அந்தக் கட்டங்களை வெள்ளையாக விட்டிருந்தார்கள். நான் கேட்டது பெயர். அவர்கள் செய்தது தடயத்தை அழித்தது. நீ காய்ச்சலில் போனாய், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இதை மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

உன் வலைப்பூவின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. அதனால் என் பெயரில் ஒன்று தொடங்கினேன். உன் பக்கத்தையும் இரண்டு கையேடுகளையும் அருகருகே வைத்து, தேதியோடு போட்டேன். உன்னிடம் கற்றவர்கள் கீழே எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தத் திங்கட்கிழமை எனக்கும் மெமோ வந்தது. நாளை நேரில் வந்து விளக்கம் தர வேண்டுமாம்.

"மன்னிப்புனு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துட்டு வந்துடேன்" என்கிறார் என் கணவர். ஒரு காலத்தில் நான் உனக்குச் சொன்ன மாதிரியேதான் அவரும் சொல்கிறார். அவரைக் கோபித்து என்ன பயன். நீ போன துக்கம் நாளாக நாளாகக் கொஞ்சம் குறைகிறது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. இந்தக் கோபம் மட்டும் குறையவில்லை. குறைய விடவும் மாட்டேன். நாளைக் காலை இந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டுதான் அந்த அலுவலகத்துக்குப் போகிறேன்.