பதினாலா, பத்தொன்பதா

ஒரகடம்
கார்த்திகை 22, திங்கள் இரவு

அன்பு மகள் பிரவீனாவுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் அம்மாவை மன்னித்துக்கொள். அப்பாவுக்கு நைட் ஷிப்ட், கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டார், தம்பி சக்தியும் இப்போதுதான் கண் அசந்தான். இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஹாஸ்டலில் போன் கொடுப்பதே ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், அந்த ஒரு மணி நேரமும் உன் அத்தை மீன்குழம்போடு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதினாலும் தம்பி போட்டோவைக் காட்டு என்று உன் கையிலிருந்து போனை வாங்கிவிடுவார். இதை நீ மட்டும் படிக்க வேண்டும். படித்துவிட்டுக் கிழித்துப் போடு, அல்லது வைத்துக்கொள், உன் இஷ்டம்.

அரையாண்டு லீவில் எல்லோரும் சேர்ந்து தீம் பார்க் போவது உனக்குத் தெரியும். நாம் நாலு பேர், அத்தை வீட்டில் ஐந்து, சித்தப்பா வீட்டில் ஐந்து, ஆகப் பதினாலு. பெங்களூர் ரோட்டில் பஸ் போகும்போதெல்லாம் அந்த ராட்டினத்தைப் பார்த்து ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு வருவாயே, பத்து வயதிலிருந்து அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று உன்னை ஏமாற்றியே வந்தோம், இந்தத் தடவையாவது நடக்கட்டும் என்று தங்குவதற்கு இடம் பார்க்கிற வேலையை நானேதான் ஏற்றுக்கொண்டேன். பதினாலு பேருக்கு இந்தப் பக்கம் இடம் தேடுவது எவ்வளவு பெரிய கூத்து என்று அப்போது தெரியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜ் எல்லாம் மாதக் கணக்கில் கம்பெனிக்காரர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள், காலியாக இருக்கிற ஒன்றிரண்டு இடத்திலும் ரூமுக்கு மூன்று பேர்தான், குழந்தையும் ஆள் கணக்கு. பார்க் பக்கத்திலேயே இருக்கிற ரிசார்ட்டில் ஐந்து ரூம் எடுக்க வேண்டுமாம், இரண்டு நாளைக்கு அவர்கள் சொன்னது அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தையும் தாண்டிப் போனது. நெட்டில் ஒரு வில்லா பார்த்தேன், பெரிய குடும்பங்களுக்கு ஏற்றது, நீச்சல்குளம் உண்டு என்று போட்டிருந்தான். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துச் சக்தியையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் பாதி கட்டின வீடு, நீச்சல்குளம் என்று போட்டோவில் இருந்தது தண்ணீர்த் தொட்டி, அதற்குள் சிமெண்டு மூட்டை அடுக்கியிருந்தார்கள். சக்தி எட்டிப் பார்த்துவிட்டு, அம்மா இதுல எப்பிடி நீந்துறது என்று கேட்டான். நம் வீட்டில் படுக்க வைக்கலாம் என்றால் ஒரு ரூமும் அடுப்படியும், விருந்தாளி இரண்டு பேருக்கு மேல் வந்தால் ஹவுஸ் ஓனர் அம்மா மோட்டாரையே நிறுத்திவிடுவார்.

கடைசியில் வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபம் கண்ணில் பட்டது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மாதானே கிடக்கும் என்று உள்ளே போய்க் கேட்டேன். மேனேஜர் கன்னியப்பன் என்று ஒருவர், இந்தப் பக்கத்து ஆள், அப்பா வயதுக்கு மேல் இருக்கும். இன்னாமா, மார்கழில மண்டபம் கேக்குற, ஓடிப்போன ஜோடியா என்று கேட்டார். இல்லை அண்ணே, எங்கள் ஆட்கள் தெற்கிலிருந்து தீம் பார்க் பார்க்க வருகிறார்கள் என்றதும் சிரித்துவிட்டு, பதினாலு பேரு ஒரே வூட்டுக்காரங்கன்ற, ஜாலியா டூர் வர்றாங்கன்ற, எனுக்கு இன்னாமோ பொண்ணு பாக்க வர்ற கூட்டமாட்டந்தான் தெரிது என்றார். நானும் கூடவே சிரித்தேன் பிரவீனா. மணமகன் அறை, மணமகள் அறை ரெண்டுலயும் ஏசி கீது, மத்தவங்க மேல் ஹால்ல ஜமக்காளம் போட்டு படுத்துக்கினா கேக்க ஆளில்ல, சமையல்கட்டும் வுட்டுடுறேன், ஆளுக்கு ஒரு ஆதாரு ஜெராக்ஸ் மட்டும் குடுத்துடு, இல்லாதவங்கள படியேத்த மாட்டேன் என்றார். வாடகையும் நம் கைக்கு எட்டுகிறதுதான். இவ்வளவு நல்ல இடம் கிடைத்ததே என்று வழியெல்லாம் பிள்ளையாருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன்.

அத்தைக்குப் போன் போட்டு எல்லோருடைய ஆதாரையும் அனுப்பச் சொன்னேன். அப்போதுதான், ஏட்டி மாரி, இன்னும் அஞ்சு பேரு கூட வாராவ, உங்க அண்ணனுக்கு, அதான் எங்க வீட்டுக்காரருக்குப் பழக்கமான குடும்பம், நல்லவுக, மணமகன் ரூமை அவுகளுக்கு விட்டுரு என்றார். சரி, நிறைய மனிதர்கள் வந்தால் ஆளுக்கு வாடகை குறையும் என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்து, பிரவீனாளுக்கு ஒரு நல்ல சேல எடுத்து வையி என்றார். மதினி, அது தண்ணீரில் விளையாடுகிற இடம், சேலை கட்டிக்கொண்டு எப்படிச் சறுக்குவாள் என்று கேட்டேன். அவ எதுக்குத் தண்ணிக்குள்ள எறங்கணும், சின்னப் பிள்ளையா அவ, கரையில நின்னு சிரிச்ச முகமா நாலு வார்த்த பேசினாப் போதும்லா என்றார். அப்போதும் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை அத்தை அனுப்பின பைலையும் நம் நாலு பேர் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கவிப்பிரியாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஊரில் யாரோ ஒரு கவரில் இருந்த காகிதத்தை எல்லாம் மொத்தமாக ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார்கள். கவிப்பிரியா பிரிண்ட் கொடுத்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு, அக்கா, பத்தொம்பது ஆதாரு வந்துச்சு, அப்பால ரெண்டு பக்கத்துல கட்டம் கட்டமா போட்டுகீது, அதுவும் மண்டபத்துக்குத்தானா என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். ஒன்று யாரோ பிரவீன் என்கிற பையனின் ஜாதகம். இன்னொன்று உன்னுடையது. அடியில் சிவப்பு மையில் பத்துக்கு எட்டு என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள், அந்த இரண்டையும் மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன், மீதிச் சில்லறை வாங்கக்கூட மறந்துவிட்டேன்.

அந்த ஐந்து பேர் அந்தப் பையன், அவனுடைய அப்பா அம்மா, அண்ணன், அண்ணி. ஞாயிற்றுக்கிழமை அப்பா குளித்துவிட்டு வந்ததும் இரண்டு தாளையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் திடுக்கிடவில்லை, அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். அக்கா கேக்கும்போது நான் எப்பிடி முடியாதுன்னு சொல்ல, பாத்துட்டுப் போறதுல பிள்ள என்ன தேஞ்சா போயிருவா, மார்கழில எவனாச்சும் பொண்ணு பாப்பானா, யாரும் கேட்டா டூருன்னு சொல்லிக்கிடலாம், ஒத்து வந்தா தையில பேசிக்கிடலாம்னுதான் அக்கா யோசிச்சு வச்சிருக்கா என்றார். பிரவீன், பிரவீனா, பேரே ஒட்டிக்கிட்டு வருதுல்லா என்று சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது, சாப்பிடாமலே கையைக் கழுவினார். அப்பாவைத் திட்டாதே. உன் காலேஜில் கார்டியன் என்று கையெழுத்துப் போடுவதும், போன வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தபோது ஆறு நாள் ஆஸ்பத்திரியில் தரையில் படுத்துக் கிடந்ததும் அத்தைதான். அத்தைக்கு உன் மேல் பாசம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன், பாசத்தில்தான் இத்தனையும் செய்கிறார், அதனால்தான் எதிர்த்துப் பேச எனக்கு நாக்கு எழவில்லை.

பையனைப் பற்றியும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வயது இருபத்தெட்டு, இங்கே ஒரகடத்திலேயே ஒரு கம்பெனியில் பெர்மனென்ட், லைனில் சூப்பர்வைசராம். ஆதார் போட்டோவில் யாரும் மனிதர் மாதிரி இருப்பதில்லை, அதை வைத்து நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த இடம் முடிந்தால் நீ என் பக்கத்துத் தெருவிலேயே இருப்பாய், சாயங்காலம் குழம்புக் கிண்ணத்தோடு நடந்தே வந்து உன்னைப் பார்க்கலாம் என்று நேற்று ராத்திரி கொஞ்ச நேரம் எனக்கும் ஆசை வந்தது. வந்ததை வரவில்லை என்று சொன்னால் அது பொய். படிப்பை என்ன செய்வது என்று அப்பாவிடம் கேட்டதற்கு, கல்யாணத்துக்கு அப்புறமும் முடிச்சுக்கிடலாம்னு அவங்க சொல்லியிருக்காங்க என்றார்.

இதே வார்த்தையை என்னிடமும் சொன்னார்கள். உனக்கு இதுவரை சொன்னதில்லை, என்னையும் யாரும் முறையாகப் பெண் பார்க்க வரவில்லை. காலேஜ் முதல் வருஷம் முடிந்த சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம், அருவியில் நனைந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது யாரோ ஒரு அம்மா கூப்பிட்டு இலையில் அல்வா வைத்துக் கொடுத்தார்கள், என்ன படிக்கிறாய் என்று கேட்டார்கள், நானும் பல்லைக் காட்டிப் பேசிவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அன்றைக்கு என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று. உன் அப்பா நல்லவர், எனக்கு அதில் குறையில்லை. பரீட்சை எழுத விடுவோம் என்ற சொல்லையும் காப்பாற்றினார்கள். கடைசி வருஷம் நீ வயிற்றில், இரண்டு பரீட்சைக்கு நடுவில் குழாயடியில் வாந்தி எடுத்துவிட்டு வந்து எழுதினேன், பி.காம். பாஸ். படித்தேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை, எழுதினேன், அவ்வளவுதான். இப்போது வேர்ஹவுஸில் பில் என்ட்ரி போடுகிறேன். ஆனால் அந்த அல்வாவைத் தின்பதற்கு முன்னால் எது எதற்கு என்று யாராவது ஒருத்தர் எனக்குச் சொல்லியிருக்கலாம் என்று இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இது உன் அப்பாவுக்கே தெரியாது. அந்தத் தாளில் உன் பிறந்த நேரம் 4.10 என்று அப்பாவின் கையெழுத்து. நீ பிறந்தபோது அவர் சென்னைப் பக்கம் வேலையில் இருந்தார், நாலு பத்துக்குப் பெண் குழந்தை என்று போனில் சொன்னதை அப்படியே மனதில் வைத்திருக்கிறார். கம்பெனியில் பதினாறு பத்து என்று எழுதுகிறவர் மகளுக்கு மட்டும் நாலு பத்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், ஜோசியர் அதை விடியற்காலை என்று எடுத்துக்கொண்டு அனுஷம் என்று கட்டம் போட்டுவிட்டார். நீ பிறந்தது சாயங்காலம். ஜன்னலில் மஞ்சள் வெயில் இருந்தது, ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கின நாள்காட்டியை நானே பார்த்தேன், மத்தியானத்தோடு அனுஷம் முடிந்துவிட்டது. நீ கேட்டை. கேட்டைப் பெண் வந்தால் மூத்தாருக்கு ஆகாது என்று நம் ஆட்கள் சொல்வார்கள் என்பதால்தான் உனக்கு ஜாதகமே எழுதாமல் வைத்திருந்தேன், கோயிலில் அர்ச்சனைக்குக்கூட நட்சத்திரம் சொல்லாமல் பேரை மட்டும் சொல்வேனே, ஏன் என்று நீ கேட்டதுகூட உண்டு. இப்போது நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பையனுக்கு அண்ணன் இருக்கிறான், ஐந்து பேரும் தானாக நின்றுவிடுவார்கள். ஆனால் அந்த வார்த்தை அவர்களோடு நிற்காது, நாளைக்கே ஊர் பூராவும் கேட்டை கேட்டை என்று உன் பின்னால் வரும், நீ எத்தனை பேருக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினாலும் அது போகாது. அதை நான் செய்ய மாட்டேன். வேண்டாம் என்றால் கட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் என் வாயால், என் மகள் நர்சிங் முடிக்கிற வரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாம் மதினி என்று சொல்கிறேன். அத்தை கோபித்துக்கொண்டால் கார்டியன் கையெழுத்துக்கு நானே லீவு போட்டுவிட்டுத் திருநெல்வேலி வருகிறேன்.

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அம்மா என்று உனக்குத் தோன்றினால் அதுவும் சரி, உன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் இல்லை. தெரிந்துகொண்டு வந்து நில், அது வேறு. ஆதார் நகல் எல்லாம் என் பையில்தான் இருக்கிறது. பதினாலு கொடுத்தால் பதினாலு பேர், பத்தொன்பது கொடுத்தால் பத்தொன்பது பேர். கன்னியப்பன் அண்ணனுக்கு டிசம்பர் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும், அதற்கு மேல் அவர் இன்னொரு கூட்டத்துக்கு மண்டபத்தை விட்டுவிடுவார். உன் பையில் சேலை எடுத்து வைக்கவா, நனைந்தால் சீக்கிரம் காய்கிற அந்த நீலச் சுடிதாரை எடுத்து வைக்கவா என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். தம்பி கதவில் கோடு போட்டு உயரம் அளந்துகொண்டிருக்கிறான், பெரிய சறுக்கில் விடுவார்களா, அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு வருவாளா என்று தினமும் கேட்கிறான், நான் போர்வையை இழுத்துவிட்டு அவனைத் தூங்க வைக்கிறேன்.

இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதே, இரவு டியூட்டி போட்டால் வெறும் வயிற்றோடு போகாதே. பிள்ளையார் துணை, நீ நினைத்தது நடக்க அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. உள்ளே ஸ்டாம்ப் ஒட்டின கவர் ஒன்று வைத்திருக்கிறேன், வீட்டுக்குப் போடாமல் வேர்ஹவுஸ் முகவரியே எழுதியிருக்கிறேன். நீளமாக எழுத நேரமில்லையென்றால் பதினாலு, பத்தொன்பது, இரண்டில் ஒன்றை மட்டும் எழுதிப் போடு, எனக்குப் புரியும். சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
மாரிசெல்வி