வேகவைத்த டேலியா

என் வீட்டுக்காரிக்கு,

உன் தங்கை வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை.

ஒரே ஒரு செய்தி. கட்டிலுக்கடியில் மரத்தூள் பெட்டியில் இருந்ததைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்து வேகவைத்துத் தின்றுவிட்டேன். சப்பென்று இருந்தது. உப்புப் போட்டும் தேறவில்லை. எதிர்வீட்டு நர்ஸம்மா உரித்துப் போட்ட தோலைப் பார்த்துவிட்டு, "ஐயோ சார், இது அக்காவோட டேலியாப் பூச்செடிக் கிழங்கு! வருஷா வருஷம் தோண்டி எடுத்து, குழந்தை மாதிரி வெச்சிருப்பாங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ கேட்கமாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன்.

பெட்டி மூலையில் ஒரு கிழங்கு தப்பியிருந்தது. அதன் கழுத்தில் முளை எட்டிப் பார்த்தது. தொட்டியில் நட்டேன். இப்போது சாண் உயரம். நன்றாகக் கிளைக்க வேண்டுமானால் நுனியைக் கிள்ள வேண்டுமாம். எனக்கு மனசு வரவில்லை. மணமில்லாத பூவுக்கு இத்தனை பாடா என்று நீ கிளம்பிப் போன அன்று கத்தியவன், இப்போது காலையில் எழுந்ததும் அதனிடம்தான் பேசுகிறேன்.

"நான் கிள்ளிவிடட்டுமா சார்?" என்றார் நர்ஸம்மா. வேண்டாம், வீட்டுக்காரி வந்து கிள்ளுவாள் என்று சொல்லிவிட்டேன்.

என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

இப்படிக்கு,
கிழங்கைத் தின்றவன்