மதினிக்கு நறுக்கிய காளான்

மதினி,

இன்று சாயங்காலம் அண்ணன் ஒரு காளான் பாக்கெட்டை வாங்கி வந்து அடுப்படியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். உட்புறம் வேர்த்திருந்த அந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்ததும் ஈரமண் வாசம் வந்தது. நீங்கள் போனபிறகு இந்த வீட்டுக்குள் காளான் வருவது இதுதான் முதல் தடவை.

உங்களைப் போலப் பார்த்து வாங்க அவனுக்குத் தெரியவில்லை. நீங்கள் பாக்கெட்டைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பீர்கள். குடை காம்போடு ஒட்டி மூடியிருக்க வேண்டும். விரிந்து உள்மடிப்பு கறுத்திருந்தால் பழசு.

"என்ன பாய், எல்லாம் குடைய விரிச்சிட்டு நிக்கி? கடைக்குள்ள மழையா?" என்று கேட்பீர்கள்.

"கோயில்பட்டியில மழை பேஞ்சா மொதல்ல ஒங்களுக்குத்தான் ஆள் அனுப்புவேன்" என்று சிரித்துக்கொண்டே கடைக்காரர் உள்ளேயிருந்து வேறு பாக்கெட் எடுத்துத் தருவார்.

உங்கள் தொண்டையில் கட்டி வந்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கதிர் பாய்ச்சி, நம் ஊர்ப்பேச்சில் கரண்டு வைத்து, திரும்பிய பிறகுதான் நம் வீட்டில் காளான் புழங்கத் தொடங்கியது. உடம்பில் சத்து ஏற வேண்டும் என்றார்கள். கறியை உங்களால் மென்று விழுங்க முடியவில்லை. மீன் வாசம் குமட்டியது. மெத்தென்றிருக்கும் காளானாவது உள்ளே போகட்டும் என்று பார்த்தோம். உங்களை எப்படியாவது சாப்பிட வைக்க வேண்டும். எனக்கு வேறு வேலையே இல்லை.

முதல் நாள் நான் செய்தது சுத்தமான கரிசல்காட்டு வேலை. காட்டிலிருந்து எது வந்தாலும் கறுப்பு போகும்வரை ஊறவைத்து அலசித்தானே நமக்குப் பழக்கம்? பளிச்சென்றிருந்த காளானையும் உப்பு, மஞ்சள் போட்டு அண்டாவில் ஊறப்போட்டேன். அது தண்ணீரையெல்லாம் குடித்துக்கொண்டு, சட்டியில் போட்டதும் மொத்தத்தையும் கக்கியது.

"ஏட்டி, இது பொரியலா, கம்மா ஒடைஞ்சு வந்திருக்கா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். சிரித்த சிரிப்பில் தொண்டை வலித்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டே மறுபடியும் சிரித்தீர்கள்.

அதன்பிறகு ஓடுகிற தண்ணீரில் ஒரே அலசு, உடனே துணியில் ஒற்றி எடுப்பது, காம்பின் நுனியை மட்டும் சீவுவது என்று பழகிக்கொண்டேன். ஒவ்வொன்றையும் இரண்டாக நறுக்கி மிளகுபோட்டு வதக்குவேன். "கோழி தோத்துச்சு போ" என்று வழித்துச் சாப்பிட்டீர்கள்.

பிறகு ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்து, "இன்னுங் கொஞ்சம் பொடுசா அரியேன்" என்றீர்கள். நாலாக நறுக்கினேன். அப்புறம் மெல்லிய வில்லைகள். அப்புறம் கொத்திப் பொடித்தது. அரிவாள்மணையின் முன்னால் குனிந்திருக்கும்போது எனக்கு எல்லாம் தெரிந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாம் துண்டின் அளவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

கடைசியில் வேகவைத்து வடித்த சாறுதான். அண்ணன் கரண்டியோடு உட்கார்ந்து, "எனக்காக ஒரு வாய்" என்று கெஞ்சுவான். "எப்போதும்வென்றான்ல பொறந்தவ, ஒரு கரண்டித் தண்ணிகிட்ட தோத்துட்டேன், பாத்தியளா" என்று உங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லி அவனைச் சிரிக்க வைக்கப் பார்த்தீர்கள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அன்றைக்குத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். "நறுக்காண்டாம். ஒண்ணே ஒண்ணு முழுசா வதக்கிக் கொண்டா."

நெய்யில் வதக்கிக் கொண்டுவந்தேன். வெகுநேரம் மூக்கருகே வைத்திருந்தீர்கள். பிறகு என் வாயில் ஊட்டிவிட்டீர்கள்.

"தின்னுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

"நல்லாருக்கு மதினி."

"நல்லாருக்குன்னா எப்படி? உப்பு பத்துச்சா? பல்லுல வழுக்குதா? ஒழுங்காச் சொல்லுட்டி."

சொன்னேன். உப்பு கொஞ்சம் தூக்கல், மேலே மொறுமொறுப்பு, கடித்தால் உள்ளேயிருந்து சூடாக ஒரு சாறு, மிளகு கடைசியில் வருகிறது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் வாயில் ஊறிய எச்சிலை ஒருதடவை விழுங்கினீர்கள். அதற்கே வலியில் முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் சாப்பாட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

இன்று செய்ததை அண்ணன் ஒருவாய் வைத்துவிட்டுத் தட்டை மூடிவிட்டான். நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். எதை வாயில் வைத்தாலும் உங்களுக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறேன், மதினி. புளிப்பு இவ்வளவு, காரம் இவ்வளவு, நாக்கில் இந்த இடத்தில். சொல்லி முடித்த பிறகும் அது வாயிலேயே கிடக்கிறது. விழுங்கத்தான் முடிவதில்லை.